கிடாரில் புல்லாங்குழல் வாசிக்க: ஹெக்ஸ் பிக்கப்பை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் வழி

ஆடி பிறந்துவிட்டால் சேலத்து மெல்லிசைக் குழுக்களுக்கு ஓய்வு கிடையாது. கோட்டை மாரியம்மன் பண்டிகையை ஒட்டி ஊரெங்கும் மேடை போடுவார்கள். கீபோர்டு வாசிப்பவர் ஒரே ஆள். புல்லாங்குழல், வயலின் கூட்டம், நாதஸ்வர பிட் என்று எல்லாமே அவர் தலையில்தான் விழும். பக்கத்தில் கிடார்காரர் கார்டு பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். அப்போதுதான் இந்தக் கேள்வி வரும்: "கிடார்லயே ஃப்ளூட் வராதாண்ணே?"

வரும். ரோலண்ட் நிறுவனம் 1977-இலேயே ஜிஆர்-500 என்ற கிடார் சிந்தசைசரைக் கொண்டுவந்துவிட்டது. மின்னணு வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மிடி என்ற பொது மொழி 1983-இல் வந்தது. வழி பழையதுதான். சிக்கல் எங்கே என்றால், இதற்கு எந்தப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் உணர்வி) நல்லது என்பதை எல்லோரும் டெமோ வீடியோ பார்த்து முடிவு செய்கிறார்கள். டெமோவில் வாசிப்பவர் அந்தப் பிக்கப்புக்குத் தோதாகத்தான் வாசிப்பார், தடுமாறும் இடத்துக்கே போகமாட்டார். உங்கள் கிடாரில், உங்கள் கையில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை நீங்களேதான் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனையை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில்: உள்ளே என்ன நடக்கிறது

சாதாரணப் பிக்கப் ஆறு கம்பியின் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து ஒரே வயரில் அனுப்பும். ஹெக்ஸாஃபோனிக் பிக்கப், சுருக்கமாக ஹெக்ஸ், கம்பிக்கு ஒன்றாக ஆறு தனி சிக்னல் தரும். ஒரு கம்பியில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும் என்பதால், அந்தச் சிக்னலைப் பார்த்து இது என்ன சுரம் என்று கண்டுபிடிப்பது சுலபம். அந்தக் கண்டுபிடிப்பைத்தான் ட்ராக்கிங் என்கிறோம்.

இதில் ஒரு தாமதம் இயற்கையாகவே உண்டு. எவ்வளவு செலவு செய்தாலும் அதை முழுக்க ஒழிக்க முடியாது. ஆறாவது கம்பியைத் திறந்து மீட்டினால் 82.4 ஹெர்ட்ஸ். ஒரு அதிர்வு முழுதாக முடியவே 12 மில்லி விநாடி ஆகும். குறைந்தது ஒரு முழு அதிர்வையாவது பார்க்காமல் எந்தக் கருவியும் சுரத்தை உறுதியாகச் சொல்லாது. பெரும்பாலும் அதற்கு மேலும் தேவைப்படும். முதல் கம்பிக்கு 329.6 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு அதிர்வுக்கு 3 மில்லி விநாடி. அதனால்தான் மேல் கம்பிகளில் புல்லாங்குழல் விரலோடு ஒட்டி வரும், கீழ்க் கம்பியில் பேஸ் வாசித்தால் பின்னால் இழுக்கும். தபலாக்காரர் திரும்பிப் பார்க்கும் இடம் அதுதான்.

இதோடு, சத்தத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்து அனுப்பும் கணினியின் பஃபர் தாமதமும் சேரும். 44.1 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் 2.9 மில்லி விநாடி, 256 என்றால் 5.8. பழைய ஐந்து பின் மிடி கேபிளில் ஒரு நோட்டுச் செய்தி போய்ச்சேர ஏறக்குறைய 1 மில்லி விநாடி ஆகும். ஆறு கம்பி கார்டு அடித்தால் கடைசி நோட்டு 6 மில்லி விநாடி பின்தங்கும். பிக்கப் மீது பழி போடுவதற்கு முன் இதையெல்லாம் கழித்துவிடுங்கள்.

சந்தையில் இருக்கும் வகைகள்

காந்த வகை. ரோலண்ட் ஜிகே-3 இதில் பலருக்கும் தெரிந்த பெயர். பிரிட்ஜுக்கு ஒட்டினாற்போல் மெல்லிய பட்டையாக உட்காரும்; 13 பின் கேபிள் வழியாக ஆறு கம்பியின் சிக்னலையும் சாதாரண கிடார் சத்தத்தையும் சேர்த்து அனுப்பும். சுரம் கண்டுபிடிக்கும் வேலை மறுமுனையில் உள்ள ஜிஆர்-55, ஜிஐ-20 போன்ற பெட்டியில் நடக்கும். ஆக, ஜிகே-3 நன்றாக ட்ராக் செய்கிறது என்று யாராவது சொன்னால், எந்தப் பெட்டியோடு என்று கேளுங்கள். பாதிப் பதில் பெட்டியில்தான் இருக்கிறது.

2023-இல் வந்த ஜிகே-5 சிக்னலைக் கிடாரிலேயே டிஜிட்டலாக மாற்றி டிஆர்எஸ் கேபிளில் அனுப்புகிறது. 13 பின் பிளக்கோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை என்பது நிம்மதி. ஆனால் பழைய பெட்டியோடு நேராகச் சேராது, நடுவே மாற்றி ஒன்று வேண்டும். பழைய ஜிஆர்-55 கையில் இருப்பவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

ஃபிஷ்மன் டிரிபிள்ப்ளே: இதுவும் காந்தம்தான். ஆனால் சுரம் கண்டுபிடிக்கும் மூளை கிடார் மீதே இருக்கிறது. முடிந்த மிடியை வயர் இல்லாமல் யூஎஸ்பி ரிசீவருக்கு அனுப்பும். லேப்டாப்பில் வேலை செய்பவருக்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. ஒரு குறை: மிடி மட்டும்தான் வெளியே வரும். ஆறு கம்பியின் நிஜச் சத்தம் தனித்தனியாக வராது. கிடார் மாடலிங் செய்யும் பெட்டிகளுக்கு இது உதவாது.

பீசோ வகை. கிராஃப் டெக் கோஸ்ட், ஆர்எம்சி போன்றவை, பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடிலுக்குள்ளேயே, அதிர்வின் அழுத்தத்தை மின்சாரமாக்கும் உணர்வியை வைத்திருக்கும். காந்தம் தேவையில்லை என்பதால் நைலான் கம்பியிலும் வேலை செய்யும். கோடின் நிறுவனத்தின் நைலான் கிடார்களில் இந்த வகையைப் பார்க்கலாம். பொருத்த வேண்டுமென்றால் சேடிலை மாற்றி, உள்ளே ப்ரீஆம்ப் வைத்து, உடம்பில் ஓட்டை போட வேண்டும். ஓட்டை போட்ட பிறகு மனசு மாறினால் ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம் உபெர்டார், பிலிப்பைன்ஸிலிருந்து வரும் சைக்ஃபி நு போன்ற சிறு தயாரிப்புகள். இவை ஆறு கம்பியின் சத்தத்தைத் தனித்தனியாக ரெக்கார்டு செய்ய விரும்புபவர்களுக்கானவை. ரோலண்ட் பெட்டியில் அப்படியே செருக முடியாது. நு கம்பிக்கு ஒன்றாக வருவதால் ஏழு, எட்டு கம்பி வைத்திருப்பவர்களுக்கு அனேகமாக அதுதான் கதி.

எதையும் வாங்காமல் சாதாரணப் பிக்கப்பிலேயே மிடி எடுக்கும் மென்பொருளும் உண்டு, ஜாம் ஆரிஜினின் மிடி கிடார் போல. முதலில் இதைப் போட்டுப் பாருங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. ஒற்றை வரி மெலடிக்கு இதுவே போதும் என்று பலருக்குத் தெரிந்துவிடும். கலந்த சத்தத்தில் எது எந்தக் கம்பியில் வந்தது என்பது தெரியாது. கம்பிக்கு ஒரு வாத்தியம் என்று பிரிக்க நினைத்தால் மட்டும் ஹெக்ஸ் கட்டாயம்.

அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்

மூன்று அளவு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பிரிட்ஜில் முதல் கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் இடையே உள்ள அகலம். பழைய பாணி ஸ்ட்ராட்டில் இது 56 மி.மீ. இருக்கும், லெஸ் பால் வகையில் 50 பக்கம். காந்த ஹெக்ஸ் பிக்கப்பின் துருவ இடைவெளி மாறாது. கம்பி துருவத்தின் நடுவே போகாமல் ஓரமாகப் போனால் பக்கத்துக் கம்பியின் சத்தம் கலக்கும். இரண்டு, பிரிட்ஜ் பிக்கப்புக்கும் பிரிட்ஜுக்கும் இடையே உள்ள காலி இடம். மூன்று, அந்த இடத்தில் உடம்பிலிருந்து கம்பியின் உயரம். தாழ்ந்த பிரிட்ஜ் உள்ள கிடாரில் பட்டை உள்ளே நுழையவே நுழையாது.

ஸ்டீல் கம்பியாக இல்லாவிட்டால் காந்த வகையை மறந்துவிடுங்கள். அகௌஸ்டிக் கிடாரின் வெண்கலச் சுற்றுக் கம்பியில் உள்ளே இருக்கும் ஸ்டீலை மட்டுமே காந்தம் உணரும். சத்தம் கம்பிக்குக் கம்பி சமமாக வராது.

கிடாரை முதலில் சரி செய்யுங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஒப்பிடும்போது எல்லாப் பிக்கப்புக்கும் ஒரே கிடார், ஒரே புதுக் கம்பி செட் இருக்க வேண்டும். துருப்பிடித்த கம்பியில் மேற்சுரங்கள் ஒழுங்காக அமையாது. கருவி எண்ணிக்கொண்டிருக்கும்போதே குழம்பும். நிக்கல் சுற்றிய 10 செட் நல்ல தொடக்கம். ஃபிரெட்டில் கம்பி இரைந்தால் ஆக்ஷனை, அதாவது கம்பியின் உயரத்தை, சற்று உயர்த்துங்கள். காதுக்குப் பழகிப்போன அந்த இரைச்சல் ட்ராக்கருக்குத் தனித் தனி நோட்டாகத் தெரியும். இண்டோனேஷனும், அதாவது ஃபிரெட்டுகளில் சுருதி சரியாக நிற்கிறதா என்றும் பாருங்கள், கிடார் 12-ஆவது ஃபிரெட்டில் ஏறிப் பேசினால் சிந்தசைசரும் அதையேதான் பேசும்.

மீட்டாத கம்பிகள் தானாக அதிர்வதைத் தடுக்க நட்டுக்கு மேலே ஒரு ஸ்பான்ஜ் துண்டையோ தலைமுடி ரப்பர் பேண்டையோ மாட்டுங்கள். ட்ரெமோலோ ஸ்பிரிங் உள்ள கிடார் என்றால் பின்னால் ஸ்பிரிங்குகளுக்கு அடியிலும் ஒரு துணி. வாசிக்காமலே விழும் பேய் நோட்டில் பாதி இதிலேயே அடங்கும்.

இடைவெளி

காந்தப் பிக்கப்பின் தலையெழுத்து இங்கேதான் எழுதப்படுகிறது. பிரிட்ஜுக்கு எவ்வளவு அருகே வைக்க முடியுமோ அவ்வளவு அருகே வையுங்கள், 2 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். பிரிட்ஜ் பக்கத்தில் கம்பி அதிகம் ஆடாது. கம்பியை இழுத்து வளைத்தாலும் அங்கே பக்கவாட்டில் நகராது, எனவே துருவத்தை விட்டு விலகாது. பிறகு கடைசி ஃபிரெட்டை அழுத்திக்கொண்டு கம்பிக்கும் பிக்கப்புக்கும் இடையே 1 மி.மீ. வருமாறு வையுங்கள். ஆறு கம்பிக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

1 மி.மீ.யைக் கண்ணால் அளக்காதீர்கள். பைக் மெக்கானிக்குகள் டாப்பெட் பார்க்கும் ஃபீலர் கேஜ் இருக்கிறதல்லவா, அதன் தகடுகளை இரண்டு மூன்றாகச் சேர்த்துப் பிடித்தால் வேலை முடிந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும். ஸ்டீல் தகடு காந்தத்தில் லேசாக ஒட்டும், பயப்பட வேண்டாம்.

பிக்கப் தாழ்ந்து நின்றால் அடியில் ஏதாவது வைத்து உயர்த்த வேண்டும். பிக்கப்போடு வரும் ஸ்பேசர் எல்லாக் கிடாருக்கும் ஒத்துவராது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் இதற்காகப் போவேன். "எத்தனை கனம் வேணும்ங்க?" என்பார். வெள்ளித் தகடு இழுக்கும் அதே ரோலரில் பித்தளைத் துண்டைக் கொடுத்து, திருகைக் கொஞ்சம் இறுக்கி, மறுபடி கொடுத்து, மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்து 0.3 மி.மீ.யில் நிறுத்திவிடுவார். ஓரத்தை அரத்தில் இழுத்துக் கையில் கொடுக்கும்போது தகடு வெதுவெதுப்பாக இருக்கும். பித்தளை காந்தத்தோடு சண்டை போடாது. அட்டையை மடித்து வைத்தால் நாளடைவில் அமுங்கி இடைவெளி மாறிவிடும்.

பீசோவில் இந்த இடைவெளிப் பிரச்சினையே இல்லை. அதற்குப் பதில் சேடிலில் கம்பி உறுதியாக அழுந்தி உட்கார வேண்டும். தளர்வாக இருந்தால் அந்தக் கம்பியின் சிக்னல் மட்டும் மெலிந்துவிடும்.

சோதனை

அமைப்பில் ஒவ்வொரு கம்பிக்கும் உணர்திறன் தனியாக வைக்கும் இடம் இருக்கும். நீங்கள் மேடையில் எவ்வளவு பலமாக மீட்டுவீர்களோ அவ்வளவு மீட்டி, மீட்டர் உச்சிக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி வையுங்கள். இதைச் செய்யாமல் எந்த ஒப்பீடும் செல்லாது.

முதல் சோதனை, கலப்பு. மிடி மானிட்டர் ஒன்றைத் திறந்து, அமைப்பை மோனோ முறைக்கு மாற்றுங்கள். அப்போது ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சேனல். மூன்றாவது கம்பியை மட்டும் ஓங்கி மீட்டுங்கள். மற்ற ஐந்து சேனலிலும் ஒன்றும் வரக்கூடாது. வந்தால் எந்தச் சேனலில் என்று குறித்துக்கொள்ளுங்கள். காந்தத்தில் பக்கத்துக் கம்பியின் சேனலில்தான் வரும். பீசோவில் பிரிட்ஜ் வழியாக அதிர்வு பரவுவதால் எங்கே வேண்டுமானாலும் வரலாம். பீசோவுக்குக் கூடுதலாக ஒன்று: கிடாரின் உடம்பை உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். நோட்டு வந்தால் மேடையிலும் வரும். ஆறு கம்பியின் சிக்னலையும் தனித்தனியாக வெளியே எடுத்துத் தரும் 13 பின் பிரேக்கவுட் பெட்டி கிடைத்தால் ஆறு தடத்தில் ரெக்கார்டு செய்து நேரடியாகவே அளக்கலாம். மீட்டிய கம்பிக்கும் பக்கத்துக் கம்பிக்கும் 20 டெசிபலாவது வித்தியாசம் இல்லையென்றால், அதாவது கலப்பு பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால், நான் இடைவெளியை மறுபடி பார்ப்பேன்.

இரண்டாவது, தாமதம். சாதாரணப் பிக்கப்பின் சத்தத்தை ஒரு தடத்திலும், சிந்தசைசரில் சைலஃபோன் போன்ற வெடுக்கென்று தொடங்கும் சத்தத்தை இன்னொரு தடத்திலும் ஒரே நேரத்தில் ரெக்கார்டு செய்யுங்கள். பெரிதாக்கிப் பார்த்து இரண்டு தொடக்கத்துக்கும் இடைவெளியை அளங்கள். ஆறு கம்பியும், ஒவ்வொன்றிலும் திறந்த நிலையும் 12-ஆவது ஃபிரெட்டும். பஃபர் அளவு எல்லாப் பிக்கப்புக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். சராசரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது தாமதம் மாறிக்கொண்டே இருந்தால் அதுதான் ஆபத்து. நிலையான 20 மில்லி விநாடிக்குக் கை பழகிக்கொள்ளும். ஒரு முறை 12, மறுமுறை 30 என்றால் பழகவே முடியாது.

மூன்றாவது சோதனை நம்மூர்ச் சோதனை. வெளிநாட்டு விமர்சனங்களில் கமகத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்து கொண்டே இருக்க வேண்டிய சுரம். அதை ஒரே கம்பியில் இழுத்து வாசித்துப் பாருங்கள். நல்ல அமைப்பில் ஒரு நோட்டுத் தொடங்கி, அதன் மேல் சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் செய்தி மட்டும் தொடர்ந்து ஓடும். மோசமான அமைப்பில் ஒவ்வொரு அசைவுக்கும் புது நோட்டு விழும். ஹார்மோனியத்தில் தோடி வாசித்த மாதிரி இருக்கும். அடுத்து அதையே ஜாருவாக, ஃபிரெட்டுகள் மேல் வழுக்கி வாசியுங்கள்.

இந்தச் சோதனையில் தோற்றால் உடனே பிக்கப்பைக் குறை சொல்லாதீர்கள். பெண்ட் அளவைப் பாருங்கள். பெரும்பாலான சிந்தசைசர்களில் அது மேலே கீழே இரண்டு அரைச்சுரம் என்றுதான் வரும். கிடார் பக்கம் 12 அல்லது 24 என்று வைத்து, சிந்தசைசர் பக்கமும் அதே எண்ணை வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் சுரம் எங்கெங்கோ போகும். மிடியின் பெண்ட் 16,384 படிகள் கொண்டது. 24 அரைச்சுரம் வைத்தாலும் அசைவு வழுவழுப்பாகவே இருக்கும். சுரத்தை அரைச்சுரத்துக்கு இழுத்து ஒட்டவைக்கும் குரோமாட்டிக் முறை இருந்தால் கமகத்துக்கு அதை அணைத்துவிடுங்கள். பியானோ சத்தத்துக்கு மட்டும் போடுங்கள். நோட்டுக்கு ஒரு சேனல் தரும், 2018-இல் தரப்படுத்தப்பட்ட எம்பிஇ முறையை ஏற்கும் மென்பொருள் சிந்தசைசர் என்றால் இந்த ஆறு சேனல் வேலை இன்னும் சுலபம்.

நான்காவது, உங்கள் குழுவின் வழக்கமான பாட்டு ஒன்று, முழுதாக, நின்றுகொண்டு. அவ்வளவுதான்.

மேடையும் மலையும்

அம்மாப்பேட்டை, குகை பக்கம் தறி ஓடும் தெருவில் ஒத்திகை பார்ப்பவர்களுக்கு மின்சார இரைச்சல் புதிதல்ல. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அதன் இரட்டிப்பு 100, ஆறாவது கம்பியின் மூன்றாம் ஃபிரெட் ஜி சுரத்துக்கு மிக அருகே இருக்கிறது. யாரும் வாசிக்காதபோது கீழ்க் கம்பிச் சேனலில் ஜி எட்டிப் பார்த்தால், உணர்திறனைக் குறைத்துவிட்டு எர்த்தைச் சரிபாருங்கள். லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றினால் நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

மே மாதக் கோடை விழாவுக்கு ஏற்காடு போகிறவர்களுக்கு வேறு தலைவலி. கீழே சேலத்தில் வறண்ட வெயிலில் செட் செய்த கிடார், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி 1,500 மீட்டர் உயரத்து ஈரக்காற்றில் இறங்கும்போது மரம் மூச்சு வாங்கும். கழுத்தின் வளைவு மாறினால் கம்பியின் உயரமும் மாறும், 1 மி.மீ. என்று பார்த்துப் பார்த்து வைத்த இடத்தில் அது பெரிய மாற்றம். உறையைத் திறக்காமல் அரை மணி நேரம் வைத்து, பிறகு கேஜை எடுத்து மறுபடி அளங்கள். பீசோ வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் டீ குடிக்கலாம். டிரிபிள்ப்ளேயின் வயர்லெஸ் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுவது, கூட்டத்தின் வைஃபையும் அங்கேதான். ரிசீவரை மேடையில் உங்கள் காலடிக்கு அருகே, கிடாரை நேராகப் பார்க்கும்படி வையுங்கள். லேப்டாப்பின் பின்பக்கம் வேண்டாம்.

யாருக்கு எது

லேப்டாப் வைத்து ரெக்கார்டிங் செய்பவருக்கு டிரிபிள்ப்ளே. மேடையில் காலால் மிதித்துச் சத்தம் மாற்ற வேண்டியவருக்குப் பழைய ஜிகே-3-யும் ஜிஆர்-55-உம் இரண்டாம் கையாகக் கிடைத்தால் இன்றைக்கும் நல்ல ஜோடி; புதிதாகத் தொடங்குபவர் ஜிகே-5 பக்கம் போகலாம். நைலான் கம்பிக்கும், மெதுவான விரல் நடையில் கர்நாடக மெலடி வாசிப்பவருக்கும் பீசோ. பிக் வைத்து ரிதம் அடித்து நொறுக்குபவருக்கு பீசோ வேண்டாம் என்பது என் கட்சி.

பேஸ் வரி வாசிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் ஒரு தந்திரம்: ஒரு ஸ்தாயி மேலே வாசித்து, சிந்தசைசரில் 12 அரைச்சுரம் இறக்குங்கள். ஆறாவது கம்பியின் 12-ஆவது ஃபிரெட்டில் ஒரு அதிர்வுக்கு 6 மில்லி விநாடிதான். மிடிக்கென்றே தனிக் கிடார் இருந்தால் கீழ் நான்கு கம்பிகளுக்குப் பதில் மெல்லிய கம்பிகளைப் போட்டு ஒரு ஸ்தாயி ஏற்றிச் சுதி சேர்த்துவிடலாம். கிடாரின் சொந்தச் சத்தம் விநோதமாக இருக்கும், ட்ராக்கிங் பறக்கும்.

இரண்டாம் கையாக வாங்கும்போது கம்பி கம்பியாக மீட்டி ஆறு சேனலும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று செத்திருந்தால் முதலில் 13 பின் கேபிளை மாற்றிப் பாருங்கள். 1 முதல் 6 வரை உள்ள பின்கள் ஆறு கம்பிகளுக்கு, 12-உம் 13-உம் மின்சாரத்துக்கு. ஒரே ஒரு கம்பி மட்டும் வராவிட்டால் அனேகமாக அதன் பின்னோ வயரோதான், மல்டிமீட்டரில் இரண்டு நிமிட வேலை. ஆறுமே வராவிட்டால் 12, 13-இல் வோல்ட் பாருங்கள், ஏழுக்கு அருகே ஒன்று கூட்டலிலும் ஒன்று கழித்தலிலும் இருக்க வேண்டும். அதுவும் சரியாக இருந்து சத்தம் வராவிட்டால் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.